பறக்குற என்ஜினுக்கு மைலேஜ்

கொஞ்சம் அக்கட்டால தள்ளி உக்காருங்க தம்பி. இந்தப் பையை மடியில வெச்சுக்கோணும். இல்லீங்க, மேல வெக்க வேண்டாம். ஒடையற சாமான் ஒண்ணும் இல்லை. இருந்தாலும் மடியிலயே இருக்கட்டும்.

கோயமுத்தூருங்களா? நான் சுந்தராபுரத்துல எறங்கிக்குவேன். மகளைப் பாக்கப் போறேன். வண்டி கிண்டி வெச்சிருக்கீங்களா? என்ன வண்டி? அட, பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குங்களா? அதை இன்னும் ஓட்டறீங்களா? எத்தன குடுக்குது? முப்பதா! லிட்டருக்கு முப்பது குடுக்கறதையும் வண்டின்னு நீங்க ஓட்டறீங்க, அதையும் ஒரு ஆளு சர்வீஸ் பண்ணிக் குடுக்கறான். யாருங்க அந்த மெக்கானிக்? விடுங்க, சொல்ல வேண்டாம். உடுமலையில பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால திருமூர்த்தி ஒர்க்‌ஷாப்னு கேளுங்க. நாந்தான் திருமூர்த்தி. நாப்பத்தஞ்சு குடுக்க வெக்கறேன். கார்பரேட்டர்ல ஒரு திருகு இருக்குது. ஒரு பக்கம் திருகுனா பெட்ரோல் கம்மியாப் போகும், மறு பக்கம் திருகுனா ஜாஸ்தியாப் போகும். எத்தன திருகோணுங்கறது இந்த வெரலுக்குத் தெரியும். முப்பத்தஞ்சு வருசத்துல என்கிட்ட வந்து மைலேஜ் ஏறாம ஒரு வண்டி திரும்பிப் போனதில்லைங்க.

அந்த வெரலை வெச்சுத் தொடாதீங்கன்னாரு என்ற மாப்ளை. மாமனாரைப் பாத்து. மெக்கானிக்கைப் பாத்து.

மாப்ளை பேரு தரணிதரன். பூமியைத் தாங்கறவருன்னு அர்த்தமாம். அவரு என்னடான்னா பூமியில கால் வெக்கவே மாட்டேங்கறாரு. பம்பு கம்பெனியில இன்ஜினியரா இருந்தாருங்க. நல்ல உத்தியோகம். அதை விட்டுப்போட்டு பாராமோட்டார்னு போயிட்டாரு. பாத்திருக்கீங்களா? தலைக்கு மேல பெரிய குடையாட்டம் துணி விரியும். முதுகுல ஒரு சின்ன என்ஜின், பின்னால ஃபேன். அதையும் கட்டிக்கிட்டு வெள்ளாமை இல்லாத வெறுங்காட்டுல தடதடன்னு ஓடி, எந்திரிச்சுப் பறக்கறது. அதைச் சொல்லிக் குடுக்க ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரரு நடத்தறாரு. அதுல இவரு வாத்தியாரு. ஓடறதுக்கு ஒரு வாத்தியாரு. எங்க ஒர்க்‌ஷாப்புத் தெருவுல நாய் தொரத்துனா எல்லாரும் வாத்தியாரு இல்லாமத்தான் ஓடறாங்க.

என்ஜின் வாங்கறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, இது வெளங்காதுன்னு. மாப்ளையும் என்ற மக கோகிலவாணியும் எங்க வீட்டு ஹால்ல உக்காந்து மூணு நாள் பேசுனாங்க. அவங்க கலியாணத்தையே நாங்க ஒரு மத்தியானத்துல பேசி முடிச்சோம். ஆளு எடை எவ்வளவு, துணி எவ்வளவு அகலம், என்ஜின் எவ்வளவு கனம், அது எத்தன கிலோவைத் தூக்கும், இதேதான் பேச்சு. கடைசியில எண்பது சி.சி. போதும்னாங்க. இத்தாலியில இருந்து வருமாம்.

"எண்பது சி.சி.யா? நம்ம பால்காரன் வண்டியே நூறு சி.சி. ஆச்சே கண்ணு"ன்னேன்.

"பால்காரரு வண்டியை முதுகுல தூக்கிட்டு ஓடறாராப்பா? இவரு அம்பத்தெட்டு கிலோ. பெரிய என்ஜின் வாங்குனா அதைத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ளயே மொழங்கால் போயிரும். இவரு எடைக்கு இது போதும்."

"பெருசா வாங்கி மெதுவா ஓட்டறது?"

மாப்ளை சிரிச்சாரு. "பெரிய என்ஜினுக்குத் தகுந்த ஆளு வேணுமுங்களே மாமா"ன்னாரு. தன்னையே எளக்காரமாப் பேசிக்கிட்டு சிரிக்கற ஆம்பளையை நான் அன்னைக்குத்தானுங்க பாத்தேன். என்ற மக அதுக்கும் கூடச் சேந்து சிரிக்கறா.

என்ஜின் வந்துச்சு. பெட்டியைப் பிரிச்சா மரம் அறுக்கற மெஷினாட்டம் இருக்குது. அதுக்கு இவரு பண்ணுன பணிவிடை இருக்குது பாருங்க, பெத்தவளுக்குப் பண்ணியிருப்பாரான்னு கேளுங்க. பெட்ரோலை நைஸ் துணியில வடிகட்டுவாரு. ஆயில் அளக்கறதுக்கு ஊசி போடற சிரிஞ்சு. கொழந்தைக்கு மருந்து ஊத்தறாப்ல கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, கோடு பாத்து, அப்பறம் ஊத்துவாரு. நாங்கெல்லாம் ஆயிலை மூடியில ஊத்துவோம், இல்லைன்னா குத்துமதிப்பா ஊத்துவோம். எந்த வண்டி நின்னு போச்சு? ஒவ்வொரு தடவை பறந்துட்டு வந்தும் போல்ட்டு போல்ட்டாத் தொட்டுப் பாப்பாரு. சைலென்சரைத் தாங்கற ரப்பரை வளைச்சு வெடிப்பு பாப்பாரு. எத்தன நிமிசம் ஓடுச்சுன்னு கோகிலா நோட்டுல எழுதுவா. ஒவ்வொரு நட்டு மேலயும் ஒரு செவப்புக் கோடு.

"இது என்னங்க மாப்ளை, பொட்டு வெச்சிருக்கறீங்க?"ன்னேன்.

"அதிர்வுல நட்டு அசைஞ்சா கோடு விலகிரும் மாமா. கண்ணுக்கே தெரிஞ்சிரும்."

கார்பரேட்டர் திருகுக்கும் கோடு போட்டிருந்தாரு. அதைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. நான் இருக்கற வீட்டுல அந்தத் திருகுக்கு ஒரு கோடு!

அப்பறம் பிளக்கு. கழட்டி வெளிச்சத்துல காட்டி எனக்கே பாடம் எடுத்தாரு. "முனை காப்பித்தூள் நெறத்துல இருந்தா என்ஜின் சொகமா இருக்குதுன்னு அர்த்தம் மாமா. கருப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, பரவாயில்லை. வெள்ளையா இருந்தாத்தான் ஆபத்து. பெட்ரோல் பத்தாம வறண்டு எரியுது, அன்னைக்குப் பறக்கவே கூடாது." எனக்குத் தெரியாதுங்களா இது? இவரு ட்ரவுசர் போடறதுக்கு முந்தி நான் பிளக்கு பாத்தவன். எல்லாம் தெரியும். ஆனா ரோட்டுல எவனுங்க பிளக்கு நெறத்தைக் கேக்கறான்? எத்தன குடுக்குதுன்னுதான் கேக்கறான்.

நானும் அதையேதான் கேட்டேன். "இது எத்தன குடுக்குதுங்க மாப்ளை?"

"மணிக்கு மூணு லிட்டர் குடிக்கும் மாமா."

"தண்ணியாட்டம் குடிக்குதே? திருகை ஒரு சுத்து வெக்கட்டுமா?"

"வேண்டாங்க மாமா. தயவு செஞ்சு அதைத் தொடாதீங்க. இதுல பெட்ரோல்தான் ஆயிலைக் கொண்டு போகுது, சூட்டையும் தணிக்குது. ரோட்டுல வண்டி நின்னா ஓரங்கட்டிரலாம். மேல ஓரம் கெடையாதுங்க."

எப்படிப் பேசறாரு பாத்தீங்களா? ஓரம் கெடையாதாம். நான் கையை எடுத்துக்கிட்டேன். எனக்கென்ன வந்துச்சு.

போன தை மாசம் எங்க ஊரு மாகாளியம்மன் கோயில் கும்பாபிஷேகம். இப்ப எல்லாக் கும்பாபிஷேகத்துக்கும் மேல இருந்து பூத் தூவோணுங்கறாங்க. பக்கத்து ஊர்ல ஹெலிகாப்டர் விட்டாங்களாம். எங்க கமிட்டிக்காரங்க மாப்ளையைக் கேட்டாங்க. கேளுங்க இதை. அந்தக் கோயில் போர் மோட்டாரு, ஜெனரேட்டரு எல்லாத்தையும் இருவத்திரண்டு வருசமா பாக்கறவன் நான். ஒரு நாள் எனக்கு ஒரு மாலை போட்டதில்லை. இவரு மேல போயி ரெண்டு ரோசாப்பூவைக் கொட்டறதுக்கு பரிவட்டம் கட்டறாங்களாம். தலையில துணி கட்டி, மேளம் அடிச்சு, கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போயி மரியாதை.

அன்னைக்குக் காலையில கோயிலுக்குப் பக்கத்துல கடலை புடுங்குன காட்டுல எல்லாம் தயாரா வெச்சிருந்தாங்க. மாப்ளை ஆயில் அளந்து ஊத்துனாரு, கோகிலா நோட்டுல எழுதுனா, ரெண்டு பேரும் கோடு கோடாப் பாத்தாங்க. கமிட்டித் தலைவரு வந்து, கோபுரத்துல கலசம் அஞ்சு, அதனால அஞ்சு சுத்து சுத்தோணும்னாரு. இவரு மாட்டேன்னுட்டாரு. "மூணு சுத்துதானுங்க. சின்ன என்ஜின், பூவுக்கு எடை வேணும்னு டேங்குல பெட்ரோலைக் கொறைச்சிருக்கறேன். கூட்டத்துக்கு நேர் மேலயும் வரமாட்டேன். பக்கவாட்டுல போறேன், காத்து பூவைக் கொண்டாந்து போட்டுரும்." தலைவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "என்ன திருமூர்த்தி, உங்க மாப்ளை இப்படிச் சொல்றாரே?"ன்னு என்னைப் பாத்தாரு. எனக்கு அவமானமாப் போச்சுங்க. ஊரே பாக்குது.

மேளம் வந்துச்சு. ரெண்டு பேரையும் மரியாதைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்ஜினுக்குப் பக்கத்துல நான் மட்டும் நிக்கறேன். என்னை வான்னு ஒருத்தன் கூப்பிடலை. ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்.

அந்தத் திருகை அரைச் சுத்துதானுங்க எறுக்குனேன். அரைச் சுத்து. அதுக்கு மேல கிடையாது. மூணு சுத்துக்கு வர்ற பெட்ரோல் அஞ்சு சுத்துக்கு வரட்டும்னுதான். கலசம் அஞ்சு, சுத்து அஞ்சுன்னா ஊரு மெச்சும். மெச்சுனா அவரைத்தானே மெச்சும்? என்னையா மெச்சப் போறாங்க? நல்லதுக்குத்தான் பண்ணுனேன். பொகையும் கொறையும், சாமி காரியம் பாருங்க.

அவரு பரிவட்டத்தோட வந்தாரு. அவசரம். ஐயருங்க கலசத்துக்கிட்ட தண்ணியோட நிக்கறாங்க. கோகிலா திரும்பவும் ஒருக்கா கோடெல்லாம் பாத்துரலாம்னா. "நாந்தான் கூடவே நிக்கறனே கண்ணு, எதுக்கு?"ன்னு நாந்தான் சொன்னேன்.

ஓடுனாரு, எந்திரிச்சாரு. நல்லாத்தான் எந்திரிச்சாரு, அதைச் சொல்லோணுமில்ல. மூணு சுத்து போச்சு. மேல சின்னக் கண்ணாடி ஒண்ணு வெச்சிருப்பாரு, அதுல டேங்கைப் பாத்திருப்பாரு போல. பெட்ரோல் இருக்குது! நாலாவது சுத்துக்குத் திரும்புனாரு. கமிட்டித் தலைவரு என்ற தோள்ல தட்டுனாரு தம்பி. "பரவால்லயே திருமூர்த்தி"ன்னாரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இருவத்திரண்டு வருசத்துல மொதத் தடவையா தட்டுனாரு.

அவரு கை தோள்ல இருக்கறப்பவே சத்தம் மாறுச்சு. மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சத்தம் சன்னமாகி, கீச்சுன்னு ஏறி, டக்குன்னு நின்னுச்சு. ஒண்ணுமே இல்லை, வெறும் காத்துச் சத்தம். சனங்க வித்தை காட்டறாருன்னு நெனச்சு கை தட்டறாங்க. அந்தத் துணி இருந்ததால நேரா விழுகலை, மெதக்கற மாதிரி எறங்குனான். ஆனா கொட்டாத மிச்சப் பூவு கனம், உசரம் பத்தலை, முன்னால கரண்டுக் கம்பி. கம்பிக்கு மேல காலைத் தூக்கித் தாண்டுனான். அதுக்கு அக்கட்ட கெணத்து மேடு. கருங்கல்லு.

மாமனாரு மாப்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க. "டேய் தரணி, டேய் சாமி"ன்னு கத்திக்கிட்டு நான் ஓடுனேன்னு அப்பறமா சொல்றாங்க. எனக்கு நெனப்பில்லை. போயிப் பாத்தா வலது கால் ரெண்டு எடத்துல மடங்கிக் கெடக்குது. டேங்கு ஒடைஞ்சு பெட்ரோல் பூராம் மண்ணுக்குள்ள போயிருச்சு. சுத்தியும் ரோசாப்பூவு. என்னைப் பாத்து அவன் கேட்டது ஒண்ணுதான். "மாமா, நான் ஆயில் ஊத்துனனுங்களா?"

அந்த நேரத்துல போயி என்னத்தைங்க சொல்றது?

மிலிட்டரிக்காரரு வந்து என்ஜினைப் பாத்தாரு. பிஸ்டன் எறுகிப் போயிருக்குது. திருகு... திருகு கோட்டுலதான் இருந்துச்சு. நாந்தான் என்ஜினை குட்டியானை வண்டியில ஏத்தி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிருந்தனே. கோட்டுக்குக் கோடு சேத்து வெச்சிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க. கோணலா இருந்தா பாக்கறதுக்கு நல்லால்ல. மிலிட்டரிக்காரரு அதைப் பாத்துட்டு, பிளக்கைக் கழட்டிக்கூடப் பாக்காம, "ஆயில் கலக்க மறந்திருக்கான், வேற காரணம் இல்லை"ன்னுட்டாரு. பெட்ரோலைச் சோதிச்சுப் பாக்கலாம்னா ஒரு சொட்டு மிச்சம் இல்லை. ஆயில் கலக்க மறக்கற ஆளு இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதாம். கோகிலா நோட்டைக் காட்டியிருக்கா. பொண்டாட்டி எழுதுன நோட்டை எவன் நம்பறான்? இன்னைக்கு மத்தியானம் கூடிப் பேசறாங்க. இனி அவரை அந்தப் பள்ளிக்கூடத்துல விடறதா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு.

நேத்து மக போன் பண்ணுனா. சும்மா சொல்லக் கூடாது, மரியாதையாத்தான் பேசுனா. அப்படிப் பேசுனா எனக்குப் புடிக்காது.

"அப்பா, நீங்க திருகைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குக் கண்ணு தொடறேன்?"

அப்பறம் சொல்றா, "செரி. அந்த என்ஜின் பிளக்கைக் கழட்டிக் கொண்டாங்க. ஆயில் மட்டும் மறந்திருந்தா பிளக்கு வெளுக்காது. பெட்ரோல் பத்தாமப் போயிருந்தாத்தான் வெளுக்கும். அதைக் காட்டுனா இவரு மேல தப்பில்லைன்னு ஆயிரும். பிளக்கை மட்டும் கொண்டாங்கப்பா. பழம், பலகாரம் ஒண்ணும் வேண்டாம்."

பெத்த அப்பன் கொண்டு போற பலகாரம் வேண்டாமாம்.

இந்தாங்க, பாருங்க. இதுதான் அந்தப் பிளக்கு. எப்படி இருக்குது? சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்குதுங்களா? ஒரு கரி இல்லை, ஒரு பிசுக்கு இல்லை. எத்தன சுத்தமா எரிஞ்சிருக்குது! ரோட்டு வண்டின்னா இந்த பிளக்கைக் காட்டி நான் காலரைத் தூக்கி விட்டுக்குவேன்.

இது இன்னொண்ணு. இதைப் புடிங்க. காப்பித்தூள் நெறம், இல்லீங்களா? இது உங்க வண்டியாட்டம் ஒரு பழைய பைக்குல இருந்து கழட்டுனது. திருகற மரை ஒண்ணுதான், நீளம் ஒண்ணுதான். நம்பர் மட்டும் வேற. உப்புத்தாள் போட்டுத் தேச்சா நம்பர் போயிருமுங்க. தேச்சுட்டேன். சும்மா ஒரு இதுக்குக் கொண்டாந்தேன். மடியில இருக்கற இந்தப் பைக்குள்ள ரெண்டும் ஒண்ணாக் கெடந்தா, எடுக்கறப்போ எது கைக்கு வருதோ அது வருது. வயசானவன், கண்ணு தெரியலைன்னா என்ன பண்றது?

என்ன அப்படிப் பாக்கறீங்க? முப்பது குடுக்கற வண்டியை ஓட்டறவரு என்னை அப்படிப் பாக்க வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. முப்பத்தஞ்சு வருசம். திருமூர்த்தி கை வெச்ச வண்டி நின்னு போச்சுன்னு ஒருத்தன் சொல்லலாமுங்களா? இவருக்கு என்ன, இந்தப் பள்ளிக்கூடம் இல்லைன்னா பம்பு கம்பெனி. படிச்ச ஆளு. எனக்கு இந்தக் கை ஒண்ணுதானுங்க.

அது ஈச்சனாரிதானே? அடுத்தது சுந்தராபுரம்.

போன வாரம் ஆசுபத்திரிக்குப் போனேன். கோகிலா மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. கதவைத் தொறக்கறேன், அவரு நான் வந்ததைப் பாக்கலை. காலைத் தூக்கிக் கட்டியிருக்குது. வயித்து மேல ஒரு தண்ணி பாட்டில். கையில அந்த சிரிஞ்சு. தண்ணியை உறிஞ்சறாரு, கண்ணுக்கு நேராப் புடிச்சு கோடு பாக்கறாரு, பாட்டில்ல ஊத்தறாரு. திரும்பவும் உறிஞ்சறாரு, கோடு பாக்கறாரு, ஊத்தறாரு. கண்ணை மூடிக்கிட்டு வெறுங்கையில அதே மாதிரி பண்ணிப் பாக்கறாரு. அன்னைக்குக் காலையில அந்தக் கை அதைப் பண்ணுச்சா இல்லையான்னு அந்தக் கையையே கேக்கறாராம். இதைப் பாத்தீங்கன்னா கிறுக்குன்னுதானே சொல்லுவீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். உள்ள போகலை. வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு பஸ் ஏறிட்டேன். அன்னைக்கு இருந்து எனக்குச் சோறு எறங்கலைங்க தம்பி.

கண்டக்டர், சுந்தராபுரம் எறங்கோணும், நிறுத்துங்க. வாரேன், வாரேன், பொறுங்க.

அதா பாருங்க, பேக்கரி முன்னால நிக்கறா. மஞ்சச் சுடிதார். கையில நோட்டை வெச்சிருக்கா பாருங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம். இத்தன வெயில்ல ஒரு நெழல்ல நிக்கத் தெரியுதா பாருங்க.

அந்த வெள்ளையை இப்படிக் குடுங்க. அது இல்லை, வெள்ளை. ஆமா. சட்டைப் பையில வெச்சுக்கறேன், பைக்குள்ள போட வேண்டாம்.

அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. உங்க வண்டிக்குப் போட்டுக்கோங்க. நல்ல பிளக்குதான், நம்பர்தான் இல்லை. அப்பறம், அந்தத் திருகை எவனையும் தொட விடாதீங்க. முப்பது குடுத்தாப் போதுமுங்க.